அரைப் பேர்

கடையில் டோர்ச் லைட் தொள்ளாயிரத்து ஐம்பது.
விலையைக் கேட்டுவிட்டு
ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

எல்.ஈ.டி. பத்து ரூபாய்.
டிரான்சிஸ்டர் இருபது.
பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று கோடு போட்ட
ரெசிஸ்டர் ஐந்து.
மஸ்கெலியாவுக்குப் போக வர பஸ்
நூற்றி அறுபது.
சாமானைவிட
சாமானிடம் போகிற வழிதான் விலை என்று
ரிப்பேர் கடை இம்தியாஸிடம் சொன்னேன்.
சிரித்துவிட்டு
விரல் நீளம் ஈயக்கம்பி சும்மா தந்தான்.

மற்றதெல்லாம் குப்பை.
உடைந்த சி.எப்.எல். பல்பின் வயிற்றில்
கறுப்பாய் ஒரு வளையம், மெட்டியைவிடச் சின்னது.
டெலிகொம்காரர் வெட்டிப் போட்ட வயரில்
ஒரு பச்சை இழை, ஒரு வெள்ளை இழை.
டிஸ்பென்சரி மாத்திரைப் போத்தல்.
பால்மா பக்கெட்டின் உள்பக்க வெள்ளி.
சுவிட்சுக்கு என் தலைக் கிளிப்.

பெட்டரி, ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தில் செத்தது.
கிளாக்கர் ஜன்னல் வழியே எறிந்ததை
படங்கு மடிப்பில் போட்டு எடுத்து வந்தேன்.
ஒன்றரை வோல்ட் இருக்க வேண்டியது.
இம்தியாஸ் மீட்டர் வைத்துப் பார்த்து
ஒன்றுகூட இல்லை என்றான்.
எங்கள் கணக்கில் அது அரைப் பேர்.
பதினெட்டுக் கிலோவுக்கு இரண்டு கிலோ குறைந்தால்
செக்ரோலில் விழுமே, அது.
நாள் முழுக்க மலையில் நின்றிருப்போம்.

பச்சையும் வெள்ளையுமாய்ப் பதினைந்து சுற்று.
எண்ணிக்கை தப்பினால் அவிழ்த்து மறுபடி.
ஒரு இழையின் தலையை
மற்றதின் வாலோடு முடிய வேண்டும்.
நான் தலையோடு தலையை முடிந்துவிட்டேன்.
மூன்று ராத்திரி எரியவில்லை.
குடைக்கம்பியை அடுப்பில் பழுக்க வைத்து
ஈயம் உருக்கி, ஒட்டி, பிரித்து, ஒட்டி
பெருவிரலில் கொப்புளம்.
பத்து ரூபாய் பல்புக்கு எத்தனை கட்டு விறகுடி என்று
பக்கத்துக் காம்பராவிலிருந்து அருள்மேரி கேட்டாள்.

நான்காம் ராத்திரி
தூக்கக் கலக்கத்தில் ஒரு நுனியை மாற்றிப் பிடித்தேன்.
காம்பரா லைட் வெளிச்சத்தில்
எரிகிறதா என்பதே தெரியவில்லை.
எழுந்து போய் அதை அணைத்தேன்.

இருந்தது.
நீலம் கலந்த வெள்ளையில்
ஒரு அரிசி.

அது விடாமல் எரியவில்லையாம்.
கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில்
அணைந்து எரிந்து அணைந்து எரிகிறதாம்.
கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்துவைத்து
ஒரே தள்ளாய்த் தள்ளுகிறதாம்.
செத்ததிலிருந்து மிச்சத்தைக் களவெடுக்கிற வேலை என்று
அடுத்த சம்பளத்துக்குப் போனபோது இம்தியாஸ் சொன்னான்.
எனக்குப் பெருமையாகவும் இருந்தது
கூச்சமாகவும் இருந்தது.
ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் உறிஞ்சுவது எப்படியென்று
எங்களை வைத்துத்தான்
யாராவது முதலில் படித்திருப்பார்கள்.

நாத்தனார் சுகந்தமலருக்கு ஸ்டோரில் ராத்திரி வேலை.
முடிந்து வர இரண்டு மணி தாண்டும்.
போன மாதம் ஆறாம் நம்பர் மலையில்
சிறுத்தை ஒரு நாயைத் தூக்கியது.
போத்தலை அவள் கையில் வைத்துச் சொன்னேன்,
மங்கினால் பெட்டரியைக் கழற்றி அக்குளில் வை,
சூடு கண்டால் இன்னும் கொஞ்சம் தரும்.
"அதுக்கும் குளிருமா?" என்றாள்.

இரண்டே காலுக்குப் பனிக்குள் புள்ளி தெரிந்தது.
முதல் வளைவு.
இரண்டாம் வளைவு.
மூன்றாவதில் அணைந்தது.
இஸ்தோப்பில் எழுந்து நின்றேன்.
எண்ணினேன், எதுவரை என்று நினைவில்லை.
ஒரு உடம்பின் சூடு
ஒரு பெட்டரிக்குள் இறங்குகிற நேரம்
எவ்வளவு என்று நான் எங்கே கேட்டு வைத்தேன்?

பிறகு, நான் பார்த்துக்கொண்டிராத பக்கம்
பீலிக்குக் கிட்ட, எரிந்தது.

வந்து படியில் உட்கார்ந்தும் அணைக்கவில்லை.
பாவாடையைத் தூக்கி
கெண்டைக்காலில் தொங்கிய அட்டையை
அந்த வெளிச்சத்தில்தான் பிடுங்கினாள்.
பாவம், அதுவும்
அரை வயிறுதான் குடித்திருந்தது.